தவமலரின் றஃப் பேப்பர் விவகாரமும் என்னுடைய பதினொரு பக்க விளக்கமும்

மிட்சம், லண்டன்.
சனிக்கிழமை, காலை பத்து மணி.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கனகலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை தவமலரின் கணவன் ஞானேஸ்வரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தவமும் மகள் ஜதுர்ஷிகாவும் குளிருக்குள் சுகமாக இருக்கிறோம். கொக்குவிலில் தாங்களும் அக்காவும் வெயிலுக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். தங்கள் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் கிடைத்திருக்கும். கைபேசியில் வருவதெல்லாம் கடிதம் ஆகாது, கையால் எழுதுவதே கடிதம் என்று தாங்கள் சொல்லியிருப்பதால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். சென்ற கடிதத்தில் நான் விட்ட ஏழு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். மிக்க நன்றி. ஓய்வு பெற்று ஒன்பது வருடமானாலும் அதிபர் அதிபர்தான் என்று ஜதுர்ஷிகாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இந்தக் கடிதத்தில் தங்களுக்கு மிகப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அதை முதல் வரியிலேயே எழுதிவிடலாம். எழுதினால் நான் பட்ட பாடு தங்களுக்கு விளங்காமல் போய்விடும். ஆகவே வரிசைப்படி வருகிறேன், தயவுசெய்து கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

2003ஆம் ஆண்டு தாங்கள் இங்கே வந்து பதினாறு நாள் நின்றது நினைவிருக்கும். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு லண்டன் போக்குவரத்துப் பகுதியில் பொறுப்பான உத்தியோகம் என்று தரகர் சொன்னது பொய் இல்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் போவது பொறுப்பான உத்தியோகம்தான். ஆனாலும் தாங்கள் பஸ் தரிப்பில் நிற்க நானே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்ததில் தங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை நான் மறக்கவில்லை. பயணச்சீட்டையும் வாங்கிக்கொண்டு பின்னால் போய் இருந்தீர்கள். திரும்பிப் போகும் நாளில் விமான நிலையத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னீர்கள்.

"என்ர தங்கச்சி பாலம் கட்டப் படிச்சவள், ஞானேஸ்வரன். அதை மறந்திடாதையும்."

"மறக்கமாட்டன், அத்தான்" என்று சொன்னேன். அந்த வார்த்தை இருபது வருடத்துக்கு மேலாக என் நெஞ்சில் கிடக்கிறது.

தவம் இங்கே வந்து முதலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். பிறகு குறொய்டனில் ஒரு சின்னப் பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. பதினாலு வருடமாகக் கீறுகிறாள். கணக்குப் பார்ப்பதும் அவள், கீறுவதும் அவள், பிழை பிடிப்பதும் அவள். வரைபடத்தின் மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியில் கையெழுத்துப் போடுவது மட்டும் வேறு ஒருவர். பொறியியலாளர் சங்கத்தின் உரிமப் பரீட்சையில் சித்தியடைந்தவர்தான் அந்தப் பெட்டியில் கையெழுத்திடலாம் என்பது அவர்களுடைய அலுவலகத்துச் சட்டம். நாங்கள் காரில் போகும்போது ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படியையோ ஒரு கடையின் கூரையையோ காட்டி, "இது நான் கீறினது" என்பாள். ஜதுர்ஷிகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அப்ப ஏன் அம்மாட பேர் அதிலை இல்லை?" என்று கேட்டாள்.

இப்போது தங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். தவம் இந்தப் பரீட்சையை இதற்கு முன்னர் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் தவறிவிட்டாள். தங்களுக்குச் சொல்லவேண்டாம் என்றாள், நானும் சொல்லவில்லை. மூன்றாம் தரமும் தவறினால் ஐந்து வருடம் பொறுத்துத்தான் மறுபடி எழுதலாம். அவளுக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. ஐந்து வருடம் கழித்து எழுதுவதென்றால் அது எழுதாமல் விடுவதுதான் என்று அவளே ஒரு நாள் உடுப்பு மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அன்று முடிவெடுத்தேன், இந்த முறை பரீட்சையை அவள் எழுதட்டும், ஆயத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

படிப்பில் நான் உதவ முடியாது. சட்டதிட்டத்தில் உதவலாம். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவனுக்குச் சட்டப் புத்தகம் வாசிக்கத் தெரியாதா? பரீட்சார்த்திகளுக்கான விதிகள் முப்பத்தெட்டுப் பக்கம். முழுவதையும் அச்செடுத்து வாசித்தேன். அதில் ஏழு பக்கம் றஃப் பேப்பரைப் பற்றி மட்டுமே என்றால் நம்புவீர்களா? சொந்தக் கடதாசி ஒரு துண்டுகூடக் கொண்டுபோகக்கூடாது. பேனா, பென்சில், அழிறப்பர் ஒன்றும் ஆகாது. பிளாஸ்ரிக் தாளில் செய்த, இலக்கமிட்ட ஒரு கொப்பி அவர்களே தருவார்கள். எழுத ஒரு மார்க்கர் பேனா தருவார்கள், அழிக்க ஒன்றும் தரமாட்டார்கள். மணிக்கூடு ஓடத் தொடங்கும் வரை அதில் ஒரு புள்ளி வைக்கக்கூடாது. தாள் கிழிக்கக்கூடாது. நிரம்பிவிட்டால் கையை உயர்த்த வேண்டும், பழையதை வாங்கிக்கொண்டு புதியது தருவார்கள். முடிந்ததும் வெறுந்தாளாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழும்பலாம். இவ்வளவு காவலும் போட்டு வைத்திருக்கும் அந்தக் கொப்பியில் எழுதும் கணக்குக்குப் புள்ளி உண்டா என்றால், இல்லை. ஒரு புள்ளியும் இல்லை. ஒருவரும் வாசிப்பதும் இல்லை. அன்றே அழித்துவிடுவார்கள். தாங்கள் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்து, விடை பிழைத்த பிள்ளைக்கும் செய்கைக்குப் புள்ளி போட்டவர். இதை வாசிக்கும்போது தங்களுக்கு ஏற்படும் கோபத்தை நான் இங்கிருந்தே உணர்கிறேன்.

தவம் இடக்கைக்காரி என்பது தங்களுக்குத் தெரியும். பிளாஸ்ரிக் தாளில் மார்க்கர் பேனாவால் இடக்கையால் எழுதினால் முன்னே எழுத எழுத மணிக்கட்டு பின்னே அழித்துக்கொண்டு வரும். முதல் இரண்டு தரமும் இதில்தான் தடுமாறினாள் என்று நான் கண்டுபிடித்தேன். ஆகவே பழகவேண்டும், பழகுவதற்குப் பிளாஸ்ரிக் தாள் வேண்டும். இங்கேதான் என்னுடைய மூளை வேலை செய்தது. தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் வருடம் பிறக்கும்போது தரும் கலண்டர்கள் பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் அடுக்கியிருக்கின்றன. சாமி படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராது, மாட்டுவதற்குச் சுவரும் இல்லை. எல்லாவற்றையும் அளவாக வெட்டி, வெறும் பக்கம் மேலே வரும்படி லமினேற் செய்து, வளையம் போட்டுக் கொப்பியாக்கிவிட்டேன். ஒரு பக்கம் கூரை தாங்கும் பீம் கணக்கு, மறு பக்கம் முருகன். தவம் முதலில் மாட்டேன் என்றாள். கொப்பியை நிலத்தில் வைக்க முடியாது, மேலே தேத்தண்ணீர்க் கோப்பை வைக்க முடியாது, ஒவ்வொரு தரமும் தாள் புரட்டும்போது ஒரு கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று குறைப்பட்டாள். அதுதான் நல்லது என்றேன்.

நாலு மாதம் எங்கள் முன் அறை பரீட்சை மண்டபம். நான் மேற்பார்வையாளர். உள்ளே வரும்போது சட்டைக் கையை மடித்துக் காட்டவேண்டும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காதுக்குப் பின்னால் காட்டவேண்டும். நான் மாடிப்படியில் இருந்து கம்பிகளுக்கு இடையால் பார்ப்பேன். பஸ் ஓட்டுநருக்குச் சம்பவ அறிக்கை எழுதுவது இரண்டாம் தொழில் ஆகையால் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். பரீட்சார்த்தி 10.14க்குக் காது சொறிந்தார். 10.52க்குப் பரீட்சார்த்தி சோறு அடிப்பிடிக்குது என்று எழும்பிப் போனார். ஜதுர்ஷிகா குளிர்சாதனப் பெட்டிக்குப் போவதென்றாலும் கையெழுத்து வைத்துவிட்டே போகவேண்டும் என்று சொன்னேன். அவள் மூன்று நாள் தோழி றொசாந்தியின் வீட்டில் சாப்பிட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மனுக்கு அர்ச்சனை செய்து நூல் கட்டிக்கொண்டு வந்தோம். காலையில் குறொய்டனுக்கு ட்ராமில் போகும்போதும் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று நான் ஒரு கலண்டர் தாளைக் கொடுத்து, இரண்டு கணக்கு செய்யச் சொன்னேன். அதுதான் நான் விட்ட ஒரே பிழை. ட்ராம் குலுங்கிய குலுக்கத்தில் மை காயாமல் அவளுடைய இடது மணிக்கட்டில் அப்படியே பதிந்துவிட்டது. மண்டப வாசலில் சோதிக்க நின்ற பெண்மணி சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்ல, மணிக்கட்டு முழுக்க நீல நிறத்தில் எண்கள். அவை கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருந்தன, ஒருவராலும் வாசிக்க முடியாதவை என்று நான் கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். நான் விளக்க விளக்க அந்தப் பெண்மணியின் முகம் இறுகிக்கொண்டே போனது. தவத்தைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவ வைத்து, அம்மன் நூலைச் சின்ன விளக்கு அடித்துப் பார்த்து, கடைசியில் உள்ளே விட்டார்கள். என்னைக் கட்டடத்துக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

ஆறு மணித்தியாலம் எதிர்ப் பக்கத்துப் பஸ் தரிப்பில் நின்றேன். என்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து, ஏறவில்லையா என்று கேட்டார்கள். மனைவி உள்ளே பொறியியலாளர் பரீட்சை எழுதுகிறார் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒருவர் பயணிகளுக்கும் ஒலிபெருக்கியில் சொன்னார். மேல் தட்டில் இருந்த இரண்டு பேர் கை காட்டினார்கள்.

தவம் வெளியே வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை, தலையிடிக்குது என்றாள். பனடோல் இரண்டு கொடுத்தேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

சரியாகப் பதின்மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். பரீட்சை முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றும், றஃப் கொப்பியைக் கையாண்ட விதத்தில் ஒழுங்கீனம் இருப்பதாக மேற்பார்வையாளர் அறிக்கை தந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தது. முதலில் கொப்பி மேசையிலிருந்து விழுந்ததாம். பரீட்சார்த்தி குனிந்து எடுத்து அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாராம். அதன் பிறகும் பதின்மூன்று தரம், ஆக மொத்தம் பதினாலு தரம், கொப்பியைக் கண்ணோடு ஒட்டப் பிடித்தாராம். சில தரம் உதடுகளும் அசைந்தனவாம். எல்லாம் கமராவில் இருக்கிறதாம். மறைத்து வைத்த கருவி எதனாலாவது கேள்விகளைப் படம் எடுத்தாரா என்று விசாரிக்க இருப்பதாகவும், பத்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும் என்றும், திருப்தி இல்லாவிட்டால் இந்த முறை எழுதியது தவறியதாகவே கணிக்கப்படும் என்றும் முடித்திருந்தார்கள்.

அத்தான், தவம் வாசித்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். களவு செய்ததாக அவளை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் இரண்டாம் தரம் வாசித்தபோது சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"கொப்பி காலிலை பட்டதோ?" என்று கேட்டேன்.

"பட்டிருக்கும்."

"எடுத்துக் கண்ணிலை ஒத்தினீரோ?"

"ஒத்தினனான்தான், ஆனா..."

அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. எழும்பிக் கடதாசி எடுக்கப் போய்விட்டேன். பாருங்கள் அத்தான், உலகத்தின் எந்தப் பரீட்சை மண்டபத்திலும், உயிர் போகிற நேரத்திலும், எழுத்து இருக்கிற தாளில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றுகிற பிள்ளை. அது யார் வளர்ப்பு? தங்கள் வீட்டு வளர்ப்பு. ஒருவரும் புள்ளி போடாத, அன்றே அழிக்கப்போகிற பிளாஸ்ரிக் தாளுக்கும் அவள் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறாள். மற்றப் பதின்மூன்று தரம் எதற்கு என்று ஜதுர்ஷிகா கேட்டாள். ஒவ்வொரு தாளும் தனித்தனி, ஒன்றுக்கு ஒற்றிவிட்டு மற்றதை விடுவது முறையா என்று நானே விளக்கம் கண்டுபிடித்தேன். உதடு அசைந்தது? சரஸ்வதியை நினைத்திருப்பாள். நான் பழக்கிய கலண்டர்க் கொப்பியும் இதற்கு உதவியிருக்கும் என்பதைத் தன்னடக்கம் கருதி ஒரு பந்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

பதினொரு பக்கம் எழுதினேன். முதல் மூன்று பக்கம் தமிழர் எழுத்துக்குக் கொடுக்கும் மரியாதை. அடுத்த நாலு பக்கம் நவராத்திரியில் புத்தகம் அடுக்கி வைப்பது, விஜயதசமியில் ஏடு தொடக்குவது. பிறகு தங்களைப் பற்றி இரண்டு பக்கம், அதிபராக இருந்த காலத்தில் வகுப்பறை நிலத்தில் கிடந்த கொப்பியைத் தாண்டிப் போன பையனைத் தாங்கள் திருப்பிக் கூப்பிட்டது உட்பட. மிச்சம் என்னுடைய வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிரியம்வதா ரீச்சரிடம் போய், இது எங்கள் வழக்கம்தான் என்று முத்திரை குத்திய சான்றிதழும் வாங்கினேன். அதோடு ஒரு வீடியோவும் எடுத்தோம். நான் நடந்து வரவேண்டும், காலில் ஒரு புத்தகம் படவேண்டும், குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றவேண்டும். பிறகு பத்திரிகை. பிறகு கவுன்சிலில் இருந்து வந்த கடிதம். வித்தியாசம் காட்டுவதற்காகத் தலையணையிலும் கால் பட்டது, அதை ஒற்றாமல் தாண்டிப் போனேன். படம் பிடித்த ஜதுர்ஷிகா சிரித்துச் சிரித்துக் கைபேசியை ஆட்டியதில் ஒன்பது தரம் எடுக்கவேண்டி வந்தது. இது சாட்சி இல்லை அப்பா, கடத்திக்கொண்டு போனவர்கள் எடுத்து அனுப்பும் வீடியோ மாதிரி இருக்கு என்றாள். இளம் பிள்ளைகளுக்கு இதன் பாரதூரம் விளங்குவதில்லை.

சங்கம் அனுப்பிய படிவத்தில் பரீட்சார்த்தி தன் விளக்கத்தை எழுத ஒரு பெட்டி இருந்தது. அதைத் தவமே நிரப்பினாள், இரண்டே வரி. என்ன எழுதினீர் என்று நான் கேட்கவும் இல்லை. பேருக்கு ஏதாவது போட்டிருப்பாள், பாரமான வேலையை என் பதினொரு பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து, படிவத்தை அவள் அனுப்ப, என்னுடைய கட்டை நான் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆறு கிழமை காத்திருந்தோம். அந்த ஆறு கிழமையும் தவம் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள், சமைத்தாள், சிரித்தாள். ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தேன். காரில் போகும்போது அவள் கீறிய கூரைகளைக் கடந்தோம், மாடிப்படிகளைக் கடந்தோம். ஒன்றையும் காட்டவில்லை. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வேண்டுமென்றே சுற்றிப் போய், அவளுக்கு மிகப் பிடித்த நூலகக் கூரைக்கு முன்னால் காரை மெதுவாக்கியும் பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்திட்டுது, எடுங்கோ என்றாள். அன்று எனக்குப் பயம் வந்தது.

அத்தான், இனிச் சொல்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடிந்தது, குற்றம் ஒன்றும் இல்லை. பரீட்சை முடிவு: சித்தி. தங்கள் தங்கை இனிப் பட்டயம் பெற்ற பொறியியலாளர்.

தவம் குசினியில் நின்றுகொண்டே வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு கைபேசியை என்னிடம் தந்துவிட்டு அரிசியைக் களையப் போனாள். களைந்த அரிசியை மறுபடி களைந்தாள். மூன்றாம் தரமும் களைந்தாள். நான் போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். "அண்ணைக்கு எழுதுங்கோ" என்றாள். அவ்வளவுதான், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். நானும் அழுதேன், அதில் வெட்கம் இல்லை.

திங்கட்கிழமை ஒரு பாலர் பாடசாலைக் கட்டடத்தின் வரைபடம் போகிறதாம். அதன் மூலைப் பெட்டியில் தவமலர் ஞானேஸ்வரன் என்று கையெழுத்து விழப்போகிறது. விமான நிலையத்தில் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை அத்தான். சட்டம் வாசித்தவன் நான், கொப்பி செய்தவன் நான், பதினொரு பக்கம் எழுதி ஆங்கிலேயருக்கு எங்கள் வழக்கத்தைப் புரிய வைத்தவனும் நான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கொடுத்தோமே என்று தாங்கள் எப்போதாவது கவலைப்பட்டிருந்தால், அதை இன்றோடு விட்டுவிடலாம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நோகாத முழங்காலும் கிடைக்க அம்மன் துணை நிற்கட்டும். மூத்தவர்களாகிய தாங்கள் தவத்தை மனம் நிறைய ஆசீர்வதிக்கவேண்டும், இடம் இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஞானேஸ்வரன்.

பிற்குறிப்பு: இதை மடித்து உறையில் வைக்கும் நேரத்தில் தபாற்காரர் தடித்த பொதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே என்னுடைய பதினொரு பக்கம், பிரியம்வதா ரீச்சரின் சான்றிதழ், வீடியோ போட்ட யூ.எஸ்.பி. எல்லாம் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மேலே ஒரு சின்னக் கடிதம். பரீட்சார்த்தியின் சொந்த வாக்குமூலத்தைத் தவிர மூன்றாம் ஆட்கள் அனுப்புவதை விதிப்படி வாசிக்க முடியாது என்றும், அது முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றும், பரீட்சார்த்தியின் இரண்டு வரியும் கமராப் பதிவும் உடைமைகள் வைக்கும் லொக்கர்ப் பதிவும் ஒத்துப்போவதால் முடிவு செய்ததாகவும் எழுதியிருந்தது.

அந்த இரண்டு வரியில் என்ன எழுதினீர் என்று தவத்திடம் இப்போதுதான் கேட்டேன்.

"கண்ணாடிக் கூட்டை லொக்கருக்குள்ளை வைக்கச் சொன்னவை. பதட்டத்திலை கண்ணாடியையும் சேத்து வச்சிட்டன். திரையிலை இருக்கிறதைப் பெருப்பிச்சுப் பாக்கலாம், நான் எழுதினதைப் பெருப்பிக்க ஏலாதே. கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, இலக்கத்தை வாயாலை சொல்லிச் சொல்லித்தான் வாசிச்சனான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்ல வெளிக்கிட்டன், நீங்கள் எழும்பிப் போட்டியள். பிறகு ஊரெல்லாம் சந்தோஷமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். நான் ஏன் அதைக் கெடுப்பான்? முதல் தரம் நீங்கள் சொன்னதுதான். விழுந்தது, கால் பட்டது, ஒத்தினனான். மற்றப் பதின்மூண்டும்தான் கண்ணாடி."

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், அண்ணையும் ஒருக்காச் சிரிக்கட்டும் என்று பறித்து உறையில் போட்டுவிட்டாள். ஆகவே அத்தான், மேலே "நான்" என்று வரும் இடங்களையெல்லாம் தங்கள் சிவப்பு மையால் வெட்டிவிட்டு வாசிக்கவும். தான் எழுதிய எண்களைத் தானே காண முடியாமல் ஆறு மணித்தியாலம் இருந்து, ஒருவருடைய உதவியும் இல்லாமல் தங்கள் தங்கை சித்தியடைந்திருக்கிறாள். இந்தத் தெருவில் இதை யாரிடம் முதலில் போய்ச் சொல்வது என்றுதான் இப்போது எனக்கு அவசரமாக இருக்கிறது.